துப்பாக்கியைக் கீழே வைத்த அயர்லாந்துச் சிப்பாய்கள்

செஞ்சிக் கோட்டையை 2025 ஜூலையில் யுனெஸ்கோ தனது உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. மராட்டியரின் கோட்டைகள் என்ற வரிசையில் பன்னிரண்டு கோட்டைகள்; அவற்றில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே உள்ளது செஞ்சி ஒன்றே. மகிழ்ச்சிதான். ராஜகிரி மேல் கல் சுமந்து ஏறியவன் யார் என்று எந்தப் பலகையும் சொல்லவில்லை. அதை இன்னொரு வாரம் பேசுவோம். இந்த வாரம் நாம் எழுத வந்தது, நம் மண்ணில் பிறர் கொடிக்காகச் சண்டை போட்ட ஒரு ஏழை நாட்டைப் பற்றி.

1750 முதல் 1761 வரை செஞ்சி பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. அவர்களுடைய சேனாதிபதி லாலி, அயர்லாந்திலிருந்து பிரான்சுக்குப் போன ஒருவரின் மகன். எதிர்ப்பக்கத்து ஆங்கிலத் தளபதி சர் அயர் கூட், அயர்லாந்திலேயே பிறந்தவர். செஞ்சியிலிருந்து ஒரு நாள் நடைத் தூரத்தில் உள்ள வந்தவாசியில் 1760 ஜனவரி 22 அன்று இருவரும் மோதினார்கள். லாலியின் பட்டாளத்தில் அயர்லாந்துச் சிப்பாய்களின் படைப்பிரிவு ஒன்றும் இருந்தது. மறு ஆண்டு புதுச்சேரி வீழ்ந்தது, செஞ்சியும் வீழ்ந்தது. அயர்லாந்துக்காரன் இரண்டு பக்கமும் நின்று சுட்டான். நம்மவன்? லாலியின் ஆட்கள் ஊர் ஊராய்ப் பிடித்துவந்து பீரங்கி வண்டி இழுக்க விட்டவன் அவன்தான்.

ஏன் இப்படி? வயிறு காய்ந்தவனுக்குச் சம்பளம் என்று ஆசை காட்டி, சிவப்புச் சட்டை மாட்டி, கப்பலேற்றி அனுப்பினால் அவன் யாரைச் சுடுகிறோம் என்று கேட்கமாட்டான் என்பது பிரபுக்களின் கணக்கு. இந்தக் கணக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் பலித்தது. 1920இல் ஒருநாள் பிசகியது.

பஞ்சாபில் ஜலந்தர் ராணுவ முகாம். ஜாலியன்வாலா பாகில் 1919 ஏப்ரல் 13 அன்று கூடியிருந்த மக்களைச் சுட உத்தரவிட்ட ஜெனரல் டயர், அமிர்தசரஸுக்குப் புறப்பட்டது இந்த ஜலந்தரிலிருந்துதான். சர்க்கார் கணக்கே 379 பேர் மாண்டார்கள் என்றது. அதே ஜலந்தரில் அடுத்த ஆண்டு இருந்தது கன்னாட் ரேஞ்சர்ஸ் என்ற அயர்லாந்துப் பட்டாளம். சிப்பாய்களில் பலர் முதல் உலக யுத்தத்தில் ரத்தம் சிந்தியவர்கள். யுத்தம் முடிந்தபின் ஊரிலிருந்து வந்த கடிதங்கள் என்ன சொல்லின? பிரிட்டிஷ் சர்க்கார் அனுப்பிய கூலிப்படை அயர்லாந்துக் கிராமங்களில் வீடுகளைக் கொளுத்துகிறது, வாலிபர்களை அடித்து இழுத்துப் போகிறது என்று சொல்லின. 1920 ஜூன் 28 அன்று ஜோ ஹாஸ் என்ற சிப்பாயும் வேறு நால்வரும் காவல் அறைக்குப் போய், 'எங்கள் நாட்டில் இது நடக்கும்வரை நாங்கள் இந்த மன்னனுக்குச் சேவகம் செய்யமாட்டோம், பூட்டுங்கள்' என்று நின்றார்கள். சேதி பரவியது. இருநூறுக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். கடைத்தெருவில் துணி வாங்கிப் பச்சை, வெள்ளை, ஆரஞ்சுக் கொடி தைத்து ஏற்றினார்கள்.

சிம்லா மலைப்பக்கம் சோலனில் இருந்த பிரிவிலும் தீ பற்றியது. அங்கே தலைமை ஏற்றவர் ஜேம்ஸ் டாலி. வயது இருபது. ஜூலை முதல் நாள் இரவு ஆயுதக் கிடங்கின் அருகே இரு சிப்பாய்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். ராணுவ நீதிமன்றம் பலருக்கு மரண தண்டனை விதித்தது. ஒருவரைத் தவிர மற்றவர்களின் தண்டனை சிறைவாசமாக மாறியது. அந்த ஒருவர் டாலி. 1920 நவம்பர் 2 அன்று டக்ஷாய் சிறையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவருடைய எலும்புகள் தாய்நாடு போய்ச் சேர ஐம்பதாண்டு ஆயிற்று.

அவர்கள் இந்திய விடுதலைக்காக எழுந்தார்கள் என்று நாம் கதை கட்ட வேண்டியதில்லை. தங்கள் நாட்டுக்காகத்தான் எழுந்தார்கள். ஆனால் தன் ஊரில் வெள்ளைச் சர்க்கார் செய்கிற வேலையைத்தான் நாமும் இந்த ஊரில் செய்துகொண்டிருக்கிறோம் என்ற எண்ணம் அவர்களில் சிலர் மனத்திலாவது உதித்தது. அது சிறிய விஷயமா?

பஞ்சாபின் லெப்டினன்ட் கவர்னராக 1913 முதல் 1919 வரை இருந்து, டயர் செய்தது சரியே என்று சாதித்த மைக்கேல் ஓ'டயர் யார்? அவரும் அயர்லாந்துக்காரர், டிப்பெரரியில் நிலமுள்ள குடும்பத்துப் பிள்ளை. 1940இல் லண்டனில் உத்தம் சிங்கின் குண்டுக்கு இரையானவர். ஒரே தீவில் பிறந்து ஒரே பஞ்சாபுக்கு வந்தவர்கள் டாலியும் ஓ'டயரும். 'அயர்லாந்துக்காரர்கள் எப்படிப்பட்டவர்கள்?' என்று யாராவது கேட்டால், 'எந்த அயர்லாந்துக்காரன்?' என்றுதான் நாம் திருப்பிக் கேட்கவேண்டும்.

இதை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் டப்ளின் தொழிலாளர்கள். அந்நகரின் டிராம் கம்பெனி முதலாளி வில்லியம் மார்ட்டின் மர்பி வெள்ளைக்கார அதிகாரி அல்ல. அயர்லாந்துத் தேசியவாதி, முன்னாள் பார்லிமெண்ட் உறுப்பினர், பத்திரிகை அதிபர். ஜிம் லார்கின் கட்டிய போக்குவரத்து, பொதுத் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்தவர்களை அவர் வேலையிலிருந்து நீக்கினார். 1913 ஆகஸ்ட் 26 அன்று டிராம்கள் நடுத்தெருவில் நின்றன. சுமார் நானூறு முதலாளிகள் ஒன்றுகூடி ஒரு தாளை நீட்டினார்கள்: 'அந்தச் சங்கத்தில் இல்லை, சேரவும் மாட்டேன் என்று கையெழுத்துப் போடு, இல்லாவிட்டால் வெளியே போ.' இருபதாயிரம் பேர் கதவடைப்புக்கு ஆளானார்கள். நகரைச் சுற்றியிருந்த பண்ணைகளிலும் சங்கத்தில் சேர்ந்த விவசாயக் கூலிகளுக்கு வேலை மறுக்கப்பட்டது. பிரிட்டிஷ் தொழிற்சங்கங்கள் கப்பலில் உணவு அனுப்பின. ஆனாலும் 1914 தொடக்கத்தில் பசி ஜெயித்தது. ஆட்கள் தலை குனிந்து திரும்பினார்கள்.

போலீஸ் தடியடியிலிருந்து தொழிலாளரைக் காக்க அப்போது உருவான தொண்டர் படையே 1916 ஏப்ரல் 24 அன்று ஜேம்ஸ் கானலியின் தலைமையில் எழுச்சியில் இறங்கியது. கானலி எடின்பரோவின் சேரியில் பிறந்து, வறுமையால் சிறு வயதிலேயே பிரிட்டிஷ் பட்டாளத்தில் சேர்ந்தவர். காயம்பட்டு நிற்கக்கூட முடியாத அவரை மே 12 அன்று நாற்காலியில் உட்காரவைத்துச் சுட்டார்கள். எஞ்சிய தலைவர்களுக்குக் கருணை காட்டாதே என்று அந்த நாட்களில் சர்க்காரைத் தூண்டியது மர்பியின் பத்திரிகை!

அந்தத் தாள் நமக்குப் புதிதல்ல. 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூர் பக்கிங்காம், கர்நாடிக் மில் தொழிலாளர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கம் கண்டபோது நிர்வாகம் கதவடைப்பால் பதில் சொன்னது. 2024இல் சுங்குவார்சத்திரத்து சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வெளியே நின்றதும் சங்கம் வேண்டும் என்பதற்காகவே. பதிவு கிடைத்தது 2025 ஜனவரியில்.

பெரம்பூர் சங்கத்தின் தலைவர் வாடியா, அன்னி பெசண்டின் பத்திரிகையில் பணியாற்றியவர். லண்டனில் பிறந்த பெசண்ட் அம்மையார் தம்மை அயர்லாந்து ரத்தம் என்று சொல்லிக்கொண்டவர். 'ஹோம் ரூல்' என்ற கோஷமே அங்கிருந்து வந்ததுதான். 1917இல் அதற்காகக் காவலில் வைக்கப்பட்டார், அதை மதிக்கிறோம். ஆனால் கோடிக்கணக்கான ஏழைகள் ஒத்துழையாமையில் இறங்கியபோது அம்மையார் எதிர்த்து நின்றார்.

எங்கள் மனத்துக்கு நெருக்கமானவர் மார்கரெட் கசின்ஸ். அயர்லாந்தின் பாயில் ஊரில் 1878இல் பிறந்து, பெண்களுக்கு ஓட்டு கேட்டு அங்கேயும் லண்டனிலும் சிறை போனவர். 1915இல் இங்கு வந்தார். 1917இல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவர். அவசரச் சட்டங்களைக் கண்டித்துப் பேசியதற்காக 1932 டிசம்பரில் கைதாகி, நம் பக்கத்து வேலூர் பெண்கள் சிறையில் இருந்தார். சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு 1921இல் ஓட்டு கிடைத்ததில் அவர் உழைப்புக்குப் பங்கு உண்டு. ஆனால் அந்த ஓட்டு சொத்துள்ள பெண்களுக்கு. செஞ்சி ஏரிப்பாசனத்தில் நாற்று நட்ட பெண்ணும் மேல்மலையனூர்க் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கிய பெண்ணும் வாக்குச்சாவடிக்குப் போனது 1952 தேர்தலில்தான்.