வாய்க்குக் கடிவாளம், காலுக்கு வேலை



"நல்லாச் சாப்பிடணும், உடம்பை அசைக்கணும்னு எங்களுக்குத் தெரியாதா? கையில காசு வேணாமா? வேலை முடிஞ்சு வந்தா நிக்கவே முடியல, இதுல எங்கய்யா நடக்கிறது?" புந்தோங்கில் சுகாதாரப் பேச்சை எடுத்தாலே எனக்குக் கிடைக்கும் பதில் இதுதான். சொல்பவர் மீது எனக்குக் கோபம் வருவதில்லை. அவர் சொல்வதில் பாதி உண்மை. மற்றப் பாதியைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. 2019-ஆம் ஆண்டு சுகாதார அமைச்சு நாடு முழுவதும் நடத்திய ஆய்வில், 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 100-க்கு 18 பேருக்கு இனிப்பு நீர் வியாதி இருந்தது. இந்தியர்களை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் 100-க்கு 31 பேர்! நாட்டு மொத்தத்தில் வியாதி இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தமக்கு அது இருப்பதே தெரியாது. 2023-ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டுக் கணக்கு 100-க்கு 16-க்குள் இறங்கியது உண்மைதான். அதற்காக நாம் மார்தட்டிக்கொள்ள முடியுமா? உங்கள் வரிசை வீடுகளை ஒரு முறை மனத்தில் எண்ணிப் பாருங்கள். கால் விரலை இழந்தவர் எத்தனை பேர்? வாரம் மூன்று முறை இரத்தம் சுத்திகரிக்கப் போகிறவர் எத்தனை பேர்? கண் மங்கி, பேரப்பிள்ளை கையைப் பிடித்து நடப்பவர் எத்தனை பேர்?

நம் பாட்டன் பூட்டன் காலத்தில் இப்படியா இருந்தது? அவர்களுக்கு வேறு துன்பங்கள் இருந்தன: மலேரியா, இரத்தசோகை, அரை வயிற்றுச் சோறு. அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அவர்கள் உழைத்த உழைப்பை நினைத்துப் பாருங்கள். விடியுமுன்னே பெரட்டு. அதன் பிறகு நூற்றுக்கணக்கான பால் மரங்கள், மரத்துக்கு மரம் நடை, குனிந்து நிமிர்ந்து வெட்டு. மறுபடி பால் எடுக்க அதே நடை. பிறகு காண்டாவைத் தோளில் போட்டு வாளி வாளியாகச் சுமை. வீட்டுக்கு வந்தால் விறகு, தண்ணீர், கீரைப்பாத்தி, மாடு. அந்த உடம்புக்கு ஒரு மலைச் சோறும் போதவில்லை.

காலம் மாறியது. தோட்டத் துண்டாடல் வந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. வீடு கட்டவும் ஆலை கட்டவும் தோட்டங்கள் கைமாறின. சுங்கை சிப்புட்டிலும் கிந்தா வட்டாரத்திலும் இருந்த குடும்பங்கள் பல ஈப்போவை நோக்கி வந்தன. புந்தோங்கில் இன்று பால்வெட்டியின் மகன் லாரி ஓட்டுகிறான், மகள் ஆலையில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிறாள், பேரன் இரவெல்லாம் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறான். உழைப்பு மாறிவிட்டது. அந்த உழைப்புக்கென்று தட்டில் விழுந்த சோற்றின் அளவு மட்டும் மாறவில்லை. நம் வியாதியின் கதையில் பெரும்பகுதி இதுதான்.

செம்பனைக் குலை அறுக்கும் தோழர்களே, இது உங்களுக்கும்தான். உங்கள் உடம்புக்கு வேலை போதும். தனியாக ஓட வேண்டியதில்லை. ஆனால் காலையில் பசியாறாமல் இறங்கி, வெயிலில் இனிப்புத் தண்ணீரைக் குடித்துச் சமாளிக்கிறீர்களே, அது கூடாது. வயிற்றுக்குச் சாப்பாடும், தாகத்துக்குப் பச்சைத் தண்ணீரும்தான் முறை. சாயங்காலம் சம்சு பாட்டிலைத் திறப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அந்தக் காசில் வீட்டுக்கு மீன் வரும்.

சரி, காசுக்கு வருவோம். நல்ல சாப்பாடு என்றால் ஆப்பிள், ஓட்ஸ், விலை உயர்ந்த மாவு டின் என்று யாரோ நம் தலையில் ஏற்றிவிட்டார்கள். அதை இறக்கி வையுங்கள்.

கடையில் ஒரு நாளைக்கு 3 கிளாஸ் தே தாரே குடிக்கிறீர்கள். கிளாஸ் 2 வெள்ளி என்றே வைத்துக்கொள்வோம். நாளுக்கு 6 வெள்ளி, 30 நாளைக்கு 180 வெள்ளி. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் டீக்கடையிலேயே கரைந்துவிடுகிறது! அதுவும் எதற்கு? இனிப்புப் பாலில் ஏறக்குறைய பாதி சீனி. ஒரு நாளைக்குச் சேர்க்கும் சீனி 25 கிராமுக்குள், அதாவது சுமார் 6 தேக்கரண்டிக்குள் இருந்தால் நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. மூன்று கிளாஸில் அந்தக் கணக்கு எப்போதோ தாண்டிவிடும். பாட்டில், டின் இனிப்புப் பானங்களுக்கு அரசாங்கம் 2019-இல் லிட்டருக்கு 40 சென் வரி போட்டது. 2025-இல் அதை 90 சென் ஆக்கியது. கடைக்காரர் கையால் ஆற்றிக் கொடுக்கும் டீக்கு அந்த வரி கிடையாது. அதற்குக் காவல் நாம்தான். மூன்றை ஒன்றாக்குங்கள், மற்ற இரண்டு வேளைக்கு வீட்டில் சீனி போடாத தே ஓ போதும். மாதம் 120 வெள்ளி கையில் நிற்கும். "கோசோங்னா வாயில வைக்க முடியாதய்யா" என்பீர்கள். முதல் வாரம் அப்படித்தான் இருக்கும். அதனால் ஒரே நாளில் நிறுத்த வேண்டாம். வாரம் ஒரு கரண்டி குறையுங்கள். நாக்கு பழகிவிடும்.

அந்த 120 வெள்ளிக்கு என்ன வாங்குவது? புந்தோங்கில் இருந்துகொண்டு இந்தக் கேள்வி கேட்கலாமா? ஈப்போ தௌகேக்கு நாடெங்கும் பெயர். சுண்ணாம்புக் குன்றுகளின் தண்ணீர்தான் அந்தக் கொழுத்த முளைக்குக் காரணம் என்று ஊரார் பெருமையாகச் சொல்வார்கள். அந்தத் தௌகேயை வளர்த்துக் கொடுப்பது நம் புந்தோங். பாசாரில் அதைவிட மலிவான காய்கறி குறைவு. நம் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறையாகத் தொழில் செய்யும் கச்சாங் பூத்தே கம்பமும் இங்கேதான். அவர்கள் தொழில் நமக்குப் பெருமை. விருந்துக்கும் திருநாளுக்கும் முறுக்கும் பொரித்த கடலையும் இருக்கட்டும். அன்றாடத்துக்கு அதே கொண்டைக்கடலையை ஊறவைத்து அவித்துச் சாப்பிடுங்கள். கறி வாங்க முடியாத நாளில் பருப்பு, பயறு, முட்டை, டெம்பே, கெம்போங் மீன், நெத்திலி எல்லாம் உடம்புக்கு வேண்டிய சத்தைத் தரும்.

கீரைக்குக் காசே வேண்டாம். பழைய எண்ணெய் டின்னில் நாலு ஓட்டை போட்டு, மண் நிரப்பி, பசலைத் தண்டு ஒன்றை ஊன்றுங்கள். வேலியோரம் ஒரு முருங்கைக் கொம்பு நடுங்கள். லயத்தில் இருந்தபோது நம் தாய்மார்கள் செய்ததுதானே? பட்டணத்துக்கு வந்ததும் கையை ஏன் கட்டிக்கொண்டோம்?

தட்டு எப்படி இருக்க வேண்டும் என்பதற்குச் சுகாதார அமைச்சு சொல்லும் வழி சுலபமானது. தட்டை மனத்தில் கோடு போட்டுப் பிரியுங்கள். பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், முட்டை, பருப்பு. எடை பார்க்கும் தராசு வேண்டாம், கண்ணே போதும். சோற்றை விட்டுவிடச் சொல்லவில்லை. முதலில் சோற்றைக் குவித்து, மிச்ச இடத்தில் காய் வைக்கும் பழக்கத்தை மாற்றி, முதலில் காயை வையுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

இதெல்லாம் பலிக்குமா என்று சந்தேகம் வரலாம். நம் ஆட்களிடமே பார்த்திருக்கிறார்கள். சென்னையில் டாக்டர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர், வியாதியின் எல்லைக்கோட்டில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்து 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான பொது அறிவுரை மட்டும் கேட்டவர்களில் 100-க்கு 55 பேர் நோயாளிகள் ஆனார்கள். சாப்பாட்டை மாற்றி, நாளுக்கு அரை மணி நேரம் வேகமாக நடந்தவர்களில் 39 பேர். மாத்திரை சாப்பிட்ட குழுவிலும் பலன் கிட்டத்தட்ட இதே அளவுதான். அதாவது நடைக்கு மாத்திரையின் பலம் இருக்கிறது. விலை மட்டும் இல்லை. ஆனால் ஒன்று: ஏற்கெனவே வியாதி உள்ளவர்கள் டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தக் கூடாது. நடையும் மாத்திரையும் சேர்ந்தே போகட்டும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். தெரிந்தும் ஏன் நம்மால் தொடர முடியவில்லை? "எனக்கு மன உறுதி பத்தாதுங்க" என்று தலையைச் சொறிகிறார்கள். நான் இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். தைப்பூசத்துக்கு மாலை போட்டால் நாற்பது நாளுக்கு மேல் கவிச்சி தொடாமல் இருக்கிறீர்கள். ஒரு வேளைச் சாப்பாட்டோடு வேலைக்குப் போகிறீர்கள். காவடி தூக்கிக் கல்லுமலை வரை வெறுங்காலோடு நடக்கிறீர்கள். மன உறுதி இல்லாதவனா இதைச் செய்வான்? அங்கே நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. வீட்டில் அனைவருக்கும் தெரியும். கூட நடக்க ஆள் இருக்கிறது. நடுவில் விட்டால் "என்னப்பா ஆச்சு?" என்று கேட்க நாலு பேர் இருக்கிறார்கள். உடற்பயிற்சிக்கு மட்டும் நாளும் இல்லை, துணையும் இல்லை, கேட்பாரும் இல்லை. பிறகு எப்படி நிலைக்கும்?

நானே இதில் தவறியவன். மூன்று முறை தனியாக நடக்கத் தொடங்கி, மூன்று முறையும் இரண்டாம் வாரத்திலேயே விட்டேன். ஒரு நாள் மழை, ஒரு நாள் கால்வலி, ஒரு நாள் ஒன்றுமே இல்லை, சோம்பல்தான். நாலாம் முறை பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லி வைத்தேன். சாயங்காலம் ஆறு மணிக்குக் கேட்டைத் தட்டி, "அண்ணே, கிளம்புங்க" என்பார். அந்தச் சத்தத்துக்குப் பயந்தே செருப்பை மாட்டினேன். இன்றுவரை நடக்கிறேன்.

கேட்க ஓர் ஆள் இருந்தால் பலன் உண்டு என்பதற்கு ஆய்வும் இருக்கிறது. அதே டாக்டர் குழு 2013-இல் மற்றொன்றை வெளியிட்டது. தென்னிந்தியாவில் வேலை செய்யும் 537 ஆண்களில் ஒரு பகுதியினருக்குக் கைப்பேசியில் அடிக்கடி சிறு செய்தி அனுப்பினார்கள்: நடந்தாயா, இதைச் சாப்பிடு, இதைக் குறை என்று. இரண்டு ஆண்டில் செய்தி வராதவர்களில் 100-க்கு 27 பேருக்கு வியாதி வந்தது. செய்தி வந்தவர்களில் 18 பேருக்குத்தான். ஒரு சிறு நினைவூட்டலுக்கே இத்தனை பலன் என்றால், கேட்டைத் தட்டும் தோழருக்கு எவ்வளவு பலன்!

இது தொழிற்சங்கத்தார்க்குப் புதிய பாடமா? தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, தனி ஆளாக நின்ற தொழிலாளியால் ஒரு மரத்தைக்கூட வாங்க முடியாது. 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்வெட்டிகள் சிறுகச் சிறுகக் கட்டிய பங்குப் பணத்தில் தோட்டங்களே வாங்கப்பட்டன. சிறு தொகை, தவறாத தவணை, கூட்டுக் கை. உடம்புக்கும் இந்த மூன்றும்தான் வேண்டும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். மூன்று நாலு பேர் சேருங்கள். நேரம் குறியுங்கள். முதல் வாரம் 10 நிமிடம், அடுத்த வாரம் 15, பிறகு 30. வாரத்தில் 5 நாள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம் போதும். காலில் நல்ல காலணி போடுங்கள். இனிப்பு நீர் உள்ளவர்கள் தினமும் பாதத்தைப் பாருங்கள். நெஞ்சு வலித்தால் உடனே நின்று டாக்டரைப் பாருங்கள். ஊசி போடுபவர்கள் தொடங்குமுன் டாக்டரைக் கேளுங்கள். வீட்டுக் காலண்டரில் நடந்த நாளுக்கு ஒரு கோடு போடுங்கள். ஒரு நாள் விட்டுப் போனால் தலையில் இடி விழாது. இரண்டு நாள் தொடர்ந்து விடாதீர்கள். இரத்தப் பரிசோதனைக்கு அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி. அரை கிளாஸ் டீயின் விலைக்கு உண்மை தெரியும்!

ஆண்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் அம்மா ஒருத்தியே சமைத்து, எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைத் தின்று, பாத்திரம் கழுவிவிட்டு எப்போது நடப்பாள்? அவள் நடக்கப் போகும் அரை மணி நேரம் நீங்கள் பாத்திரத்தைக் கழுவுங்கள். கை தேய்ந்துவிடாது.

கடைசியாக, "எல்லாம் தொழிலாளியின் சோம்பேறித்தனம்" என்று பேசும் பெரிய மனிதர்களுக்கும் ஒரு வார்த்தை. வாழப் போதுமான சம்பளம், உட்கார்ந்து சாப்பிட நேரம், வேலைக்காட்டில் நல்ல குடிதண்ணீர், விளக்கு எரியும் நடைபாதை, பயமின்றிக் கிளினிக்குக்குப் போக விடுமுறை: இவை இல்லாமல் அறிவுரை மட்டும் கொடுப்பது பசித்தவனுக்கு ஏப்பம் விடச் சொல்லிக் கொடுப்பது போல. இவற்றைக் கேட்பது சங்கத்தின் கடமை, கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் அவை வந்து சேரும்வரை நம் கால் காத்திருக்காது, சிறுநீரகமும் காத்திருக்காது.

கூலிக்குப் போராடி வாங்கிய உரிமையை அனுபவிக்க ஆள் வேண்டாமா தோழர்களே? இன்று சாயங்காலம் பக்கத்து வீட்டுக் கேட்டைத் தட்டுங்கள். "அண்ணே, கிளம்புங்க" என்று கூப்பிடுங்கள்.