வழுக்கும் போர்ச்சுக்கு எத்தனை 'பார்'?

தீபாவளி நெருங்குகிறது. கார் போர்ச் கழுவ வாட்டர் ஜெட் வாங்கலாமா என்று நேயர்கள் கேட்கிறார்கள். தாராளமாக வாங்கலாம். மழைக்காலத்தில் சிமெண்டுத் தரையில் படரும் பாசி அசிங்கம் மட்டுமல்ல. வழுக்கி விழுந்தால் அப்பா அம்மாவின் இடுப்பெலும்புக்கு ஆபத்து.

பெட்டியில் பெரிதாக அச்சிட்ட 'பார்' எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். பார் என்பது அழுத்தம், அழுக்கைப் பெயர்க்கும். பெயர்ந்ததை அடித்துச் செல்வது தண்ணீரின் அளவு. வீட்டுக்கு 120 பார், மணிக்கு 400 லிட்டர் அளவிலான மின்சார மெஷின் போதும்.

நான் முதலில் கூட்டிவிட்டு, சோப்பு நீர் தெளித்து 10 நிமிடம் ஊறவிடுவேன். பிறகு 25 டிகிரி விசிறி முனையை ஓரடி தள்ளிப் பிடித்து, வீட்டுப் பக்கமிருந்து கால்வாய்ப் பக்கமாகச் சீராக நகர்த்துவேன். ஊசிபோல் பாயும் 0 டிகிரி முனை வேண்டாம். சிமெண்டில் கோடு விழும், தோலையும் கிழிக்கும். காலில் மூடிய காலணி, பிள்ளைகள் வீட்டுக்குள், பிளக் நனையாத இடத்தில்.

இதைப் பண்டிகைக்கு முதல் நாள் இரவுக்கு வைக்காதீர்கள். பாசி முழுதாகப் போனதா என்பது தரை காய்ந்த பிறகுதான் தெரியும்.