உடலை இகழ்வது யார்?

நயினார்கோவில் அன்பர் ஒருவர், கிறிஸ்தவர்களின் நிலைவாழ்வு நம்பிக்கையை ஒரே கட்டுரையில் குழிதோண்டிப் புதைத்துவிட்டதாக நம்புகிறார். பெயரை விட்டுவிடுகிறேன், என் வழக்கு வாதத்தோடுதான். உடல் அழுக்கு, ஆவி தூய்மை, ஆகவே உடலைக் கழற்றிப் போட்டுவிட்டு மேலே பறந்துபோவதே கிறிஸ்தவனின் கனவு என்பது அவர் போட்டிருக்கும் அஸ்திவாரம். அதைப் போடுவதற்கு முன் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலின் கடைசி வரிசையில் நின்று, சபை எழுந்து சொல்லும் விசுவாச அறிக்கையைக் கேட்டிருந்தால் போதும். அது அறிக்கையிடுவது உடலின் உயிர்த்தெழுதலை. உடலை ஆன்மாவின் சிறை என்றது பிளேட்டோவின் மரபு. அந்தச் சரக்கைச் சபைக்குள் கொண்டுவரப் பார்த்த ஞானவாதிகளை இரண்டாம் நூற்றாண்டிலேயே இரனேயு ஐந்து புத்தகம் எழுதி மறுத்தார். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலின் 15ஆம் அதிகாரமோ முழுக்க முழுக்க இதே வழக்கு. பிளேட்டோவுக்கு விழ வேண்டிய அடி பவுலின் முதுகில் விழுந்திருக்கிறது. எதிராளி யாரென்றே தெரியாமல் மேடையேறுகிறவருக்கு விமரிசகர் என்ற பட்டம் எதற்கு?

ஓரியூரை இழுத்துவந்தது அடுத்த பிசகு. மறுமை ஆசை சாவுக்கு நடுங்கியவனின் கற்பனை என்று தொடங்குகிறார். இரண்டு பக்கம் தள்ளி, அருளானந்தர் சாவைத் துச்சமாக மதித்தது மதவெறி என்கிறார். நடுங்கினவனா, நடுங்காதவனா? இரண்டில் ஒன்றை அவர் தேர்ந்துகொள்ளட்டும், நான் காத்திருக்கிறேன். லிஸ்பனில் 1647இல் பிறந்து இங்கே அருளானந்தர் ஆன ஜான் டி பிரிட்டோ, 1686இல் மறவர் சீமையில் பிடிபட்டு, சித்திரவதைக்குப் பின் விடுவிக்கப்பட்டு, ஐரோப்பா போனவர். அங்கேயே இருந்திருக்கலாம், திரும்பி வந்தார். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டது. கைகால்களையும் துண்டித்து உடலைக் கழுவில் தொங்கவிட்டார்கள்.

அது வெறும் அந்தப்புரச் சண்டை, அதற்கு மோட்சச் சாயம் பூசிவிட்டார்கள் என்பது கட்டுரையாளர் பெருமையோடு வெளியிடும் 'ரகசியம்'. இதில் ரகசியம் எங்கே இருக்கிறது? மறவர் தலைவர் தடியத்தேவர் திருமுழுக்குப் பெற்று, ஒரு மனைவி போதும் என்று மற்றவர்களைத் தள்ளிவைத்ததும், அவர்களில் ஒருத்தி மறவர் சீமையை ஆண்ட கிழவன் சேதுபதியின் உறவுப்பெண்ணாக இருந்ததும், அவள் முறையீடு அரண்மனையை எட்டியதும் சேசுசபையார் தாங்களே எழுதிவைத்துப் போன சங்கதிகள். தள்ளிவைக்கப்பட்ட அந்தப் பெண்களின் துயரத்தை நானும் மூடிமறைக்க மாட்டேன். அவர்கள் தரப்பிலிருந்து ஒரு வரலாறு எழுதப்பட்டால் முதலில் வாங்கி வாசிப்பேன். ஆனால் அன்பருடைய வாதத்துக்கு இது எந்த வகையில் உதவும்? மறுமையைப் பேசுகிறவன் இம்மையைத் தொடமாட்டான் என்கிறார்; அவரே எடுத்துவைக்கும் சான்றிலோ, மறுமையைப் பேசியவர் ஒரு பாளையத்தின் குடும்பத்தையும் அரசியலையும் புரட்டிப்போட்டதால் கொல்லப்படுகிறார். தன் சாட்சியே தனக்கு எதிராகப் பேசுவது கூட அவருக்குக் காதில் விழவில்லை.

ஓரியூரின் சிவப்பு மண்ணைக் காகிதத்தில் பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோகும் பெண்களைப் பார்த்து அவருக்கு எரிச்சல். கிறிஸ்தவர்கள் மட்டுமா அங்கே வருகிறார்கள்? இந்துக் குடும்பங்களும் பிள்ளைக்கு முடியிறக்க வருகின்றன. உடலை இகழும் மதம் என்று குற்றம் சாட்டியவர், ஓர் உடலின் குருதி சிந்திய மண்ணை முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக நெற்றியில் வைத்துக்கொள்கிறார்களே என்று அதே மூச்சில் குறைப்படுகிறார். முதலில் எந்தக் குற்றத்துக்கு நான் பதில் சொல்ல?

பிறகு வருகிறது அபின். மதம் மக்களின் அபின் என்ற மார்க்ஸின் அந்த ஒரு வரியை மேடைதோறும் கேட்டிருக்கிறோம். அதற்குச் சற்று முன்பே, மதத்தில் வெளிப்படும் துயரம் மெய்யான துயரத்துக்கு எதிரான மறுப்பும் ஆகும் என்று மார்க்ஸ் எழுதியிருப்பதை அன்பர் வாசிக்கவில்லையா, வாசித்துவிட்டு மறைத்தாரா? முதலாவது சோம்பல், இரண்டாவது மோசடி. ராமேஸ்வரம் தீவில் இருப்பவர்களுக்கு இதற்கு நூலகம் தேவையில்லை. 2017 மார்ச்சில் தங்கச்சிமடத்து மீனவ இளைஞர் ஒருவர் நடுக்கடலில் சுட்டுக் கொல்லப்பட்டபோது, உயிர்த்தெழுதலை நம்பும் அந்த மக்கள் ஜெபமாலையோடு வீட்டுக்குள் முடங்கவில்லை. உடலை வாங்க மறுத்து, பந்தல் போட்டு, நாள்கணக்கில் உட்கார்ந்தார்கள். இறந்தவன் கணக்கு முடிந்துவிட்டது என்று நினைக்கிறவன் பிணத்தை வாங்கிப் புதைத்துவிட்டு வேலையைப் பார்ப்பான். இறந்தவனுக்கு இன்னும் நியாயம் பாக்கி இருக்கிறது என்று நம்புகிறவன்தான் அப்படி உட்காருவான்.

இந்த நம்பிக்கை கப்பலில் வந்ததாம், மண்ணுக்கு ஒட்டாதாம். மார்க்ஸும் அவருக்கு முன் மதத்தை விமரிசித்த ஃபாயர்பாக்கும் பரமக்குடிச் சந்தையிலா பிறந்தார்கள்? மரணமிலாப் பெருவாழ்வைத் தன் நெறியின் உச்சியில் வைத்து, 1874 ஜனவரியில் மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்ட வள்ளலார் எந்தத் துறைமுகத்தில் இறங்கினார்? சாகாத வாழ்வு இந்த மொழியின் பழைய ஏக்கம். அன்பரின் ஊர் நாகநாதர் கோயிலிலேயே முல்லா சாகிப்பின் வாய்பேசாத மகள் பேசினாள் என்ற தலக்கதை வழங்குகிறது, முஸ்லிம்களும் வந்து வணங்குகிறார்கள். அந்த ஊர்க்காரர் எது உள்ளூர், எது வெளியூர் என்று வேலி போடக் கிளம்பியிருப்பது வெட்கக்கேடு.

கட்டுரையில் ஒரே ஒரு பத்தி உண்மை பேசுகிறது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்து எழுப்பிய சுவரைச் சுட்டிக்காட்டி, சேர்ந்து உயிர்த்தெழப் போகிறவர்களுக்குச் சேர்ந்து புதைய முடியாதா என்று கேட்கிறார். அந்தக் கேள்விக்கு முன் என் சபை தலைகுனியத்தான் வேண்டும். ஆனால் அது நிரூபிப்பது என்ன? சுவர் கட்டியவர்கள் உயிர்த்தெழுதலை நம்பவில்லை என்பதைத்தான். நம்பியிருந்தால் கல் எடுத்த கை கூசியிருக்கும். சுவரை உடைப்பதற்கு என் தரப்பில் இதைவிட வலுவான காரணம் வேறில்லை. அவர் தரப்பில், எல்லோரும் மண்ணோடு மண்ணாகப் போகிறவர்கள்தான் என்றால், எந்த மண் எந்தப் பக்கம் கிடந்தால் அவருக்கு என்ன?

தமிழ்நாட்டில் இன்னும் எத்தனையோ கல்லறைகள் இப்படிப் பிரிந்து கிடக்கின்றன. அன்பர் அடுத்த கட்டுரையை அவற்றைப் பற்றி எழுதட்டும், கடப்பாரையோடு வரட்டும், நானும் வருகிறேன்.