பல்கலைக் கழக வாசலில் ஒரு நாள் கூலி

மதுரையிலிருந்து தேனி ரோட்டில் போனால், நாகமலைப் புதுக்கோட்டையை அடுத்து வருகிறது காமராசர் பல்கலைக் கழகம். நம் வீட்டுப் பிள்ளைகளில் பலர் அந்த இடத்தை வாழ்நாளில் ஒரு முறையோ இரு முறையோதான் பார்க்கிறார்கள். படிக்கப் போய் அல்ல. அவர்கள் படிப்பது உசிலம்பட்டியிலோ, மேலூரிலோ, ராஜபாளையத்திலோ உள்ள ஏதோ ஒரு கல்லூரியில். இல்லாவிட்டால் தபால் வழியில். பல்கலைக் கழகத்துக்கு அவர்கள் போவது ஒரு காகிதத்துக்காக.

அந்தக் காகிதத்தைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதப் போகிறேன். "கூலி உயர்வைப் பற்றி எழுதாமல், பஞ்சப்படியைப் பற்றி எழுதாமல், சர்டிபிகேட்டைப் பற்றி எழுத வந்துவிட்டாரே!" என்று தோழர்கள் சிலர் கேட்கலாம். கொஞ்சம் பொறுங்கள். இதுவும் கூலிப் பிரச்னைதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மேலூர்ப் பக்கத்தில் நடவு வேலைக்குப் போகும் ஒரு தாய். அவள் மகள் பி.ஏ. முடித்துவிட்டாள். மார்க்குப் பட்டியலில் அப்பா பெயரில் ஒரு எழுத்துப் பிழை. வேலைக்கு மனுப் போட வேண்டும் என்றால் அதைத் திருத்தியாக வேண்டும். பெண்ணைத் தனியாக அனுப்பத் தாய்க்கு மனம் வரவில்லை. இரண்டு பேரும் விடியற்காலையில் கிளம்புகிறார்கள். மாட்டுத்தாவணி வரை ஒரு பஸ், அங்கிருந்து பெரியார் நிலையம் ஒரு பஸ், அப்புறம் தேனி ரோட்டுக்கு ஒரு பஸ். 2021 முதல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் இழந்த கூலியை எந்தக் கண்டக்டர் திருப்பித் தருவார்? நூறு நாள் வேலைக்கு 2024-25ல் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த தினக்கூலி 319 ரூபாய். அதையே அளவாக வைத்துக்கொண்டால், தாயும் மகளும் ஆபீஸ் வாசலில் நிற்கும் ஒவ்வொரு நாளும் 638 ரூபாய் போகிறது. "செலானில் இந்த இடத்தில் கையெழுத்து இல்லை, நாளை வா" என்று ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு வார்த்தை வந்தால், இன்னொரு 638 ரூபாய். பல்கலைக் கழகம் எதுவானாலும், ஜன்னல் எதுவானாலும், கணக்கு இதுதான்.

மாதச் சம்பளக்காரர் வீட்டுப் பிள்ளைக்கும் இதே ஜன்னல்தானே என்று கேட்கிறவர்கள் உண்டு. ஜன்னல் ஒன்றுதான், நிற்கிற கால்கள் வேறு. அவர் அரை நாள் லீவு போடுவார். தெரிந்த ஒருவருக்குப் போன் செய்வார். நம்மவர்களுக்கு எந்த பாரத்தை எந்த மேஜையில் கொடுப்பது என்று சொல்லவும் ஆளில்லை.

இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் வந்துவிட்டது, வீட்டிலிருந்தே மனுப் போடலாம் என்கிறார்கள். யார் வீட்டிலிருந்து? பிள்ளை கடைத்தெருவில் உள்ள ஒரு நெட் சென்டருக்குத்தான் போகிறான். ஒரு பக்கம் அச்செடுக்க ஒரு விலை, படம் ஏற்ற ஒரு விலை. கடைக்காரர் அவசரத்தில் ஒரு எழுத்தை மாற்றி அடித்தால், அதைத் திருத்த மறுபடியும் தேனி ரோடுதான்.

காகிதம் சின்னது, அதன் பின்னால் நிற்பது பெரியது. ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன். தமிழ் வழியில் படித்தவர்களுக்குத் தமிழ்நாடு சர்க்கார் வேலைகளில் நேரடி நியமனத்தில் நூற்றுக்கு 20 இடம் என்று 2010ல் சட்டம் வந்தது. மில் தொழிலாளி மகனுக்கும் விவசாயக் கூலியின் மகளுக்கும் இதைவிடப் பயன்படும் சட்டம் அதிகம் இல்லை. ஆனால் தமிழில் படித்தேன் என்று வாயால் சொன்னால் போதுமா? பள்ளிக்கூடம் எழுதித் தர வேண்டும், கல்லூரி எழுதித் தர வேண்டும், தபால் வழியில் படித்தவர்களுக்குப் பல்கலைக் கழகம் எழுதித் தர வேண்டும். கெடு முடிந்த மறுநாள் அந்தக் காகிதம் வந்தால், சட்டம் இருந்தென்ன, இல்லாவிட்டால் என்ன?

ஸ்காலர்ஷிப்பும் அப்படித்தான். தாழ்த்தப்பட்ட, மலைஜாதிக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்குப் பிந்தைய படிப்புக்கு உதவித் தொகை உண்டு. குடும்ப வருமானம் வருஷத்துக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். 2021 முதல், தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கு மத்திய சர்க்காரின் பங்கான 60 சதவீதம் நேரே மாணவர் பாங்கிக் கணக்குக்குப் போகிறது. ஆதார் அதோடு இணைந்திருக்க வேண்டும். இணையாவிட்டால் பணம் நடுவழியில் நின்றுவிடும். கல்லூரியோ பீஸுக்குக் கெடு வைக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கந்துவட்டிக்காரன் வந்து திண்ணையில் உட்காருகிறான். கணக்கை இணைத்தாயா, மனு எந்த மேஜையில் நிற்கிறது என்று கூப்பிட்டுக் கேட்க ஒவ்வொரு கல்லூரியிலும் பொறுப்பான ஓர் ஆள் இருந்தால், அவன் பாதிப் பேரிடம் வந்திருக்க மாட்டான்.

இந்தப் பல்கலைக் கழகம் வானத்திலிருந்து விழுந்ததல்ல. மதுரைச் சீமைக்கு ஒரு சர்வகலாசாலை வேண்டும் என்ற கோரிக்கையின் பேரில் 1965ல் சட்டம் இயற்றி, 1966ல் தொடங்கியது. தெ.பொ. மீனாட்சிசுந்தரனார் முதல் துணைவேந்தர். 1978ல் காமராசர் பெயரைச் சூட்டினார்கள். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுக் கடையில் வேலைக்குப் போன ஒருவருடைய பெயர்! அந்தப் பெயர்ப் பலகைக்குக் கீழே நுழையும்போது, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்களின் பிள்ளைகளுக்குத்தானே முதல் நாற்காலி போட வேண்டும்?

1971ல் இங்கே தபால் வழிக் கல்வி ஆரம்பமாயிற்று. அது உண்மையிலேயே பெரிய காரியம். பகலில் வேலை பார்த்துவிட்டு ராத்திரியில் சிம்னி விளக்கடியில் புத்தகம் விரித்தவர்கள் எத்தனை பேர்! ஸ்பின்னிங் தொழிலாளி, பஸ் கண்டக்டர், அங்கன்வாடி டீச்சர், கல்யாணம் ஆனதும் படிப்பு நின்றுபோன பெண்கள். இவர்கள் கட்டிய பீஸ் பல வருஷங்கள் பல்கலைக் கழகத்தின் கஜானாவையே நிரப்பியது. கட்டடம் பார்க்காத மாணவன் கட்டடத்துக்குக் காசு கொடுத்தான் என்று சொன்னால் மிகையில்லை. பிறகு வெளி மாநில மையங்கள் கூடாது, எல்லை தாண்டக் கூடாது என்று மானியக் குழுவின் கட்டுப்பாடுகள் வந்தன. அந்த வருமானம் சுருங்கியது. சர்க்கார் மானியம் அதை ஈடு கட்டவில்லை.

விளைவு என்ன? 2022ல் தற்காலிக ஊழியர்கள் பெருந்தொகையாக வெளியேற்றப்பட்டு வாசலில் போராடினார்கள். 2023லும் 2024லும் ஆசிரியர்களும் அலுவலர்களும் ஓய்வு பெற்றவர்களும் மாதக் கணக்கில் சம்பளமும் பென்ஷனும் வரவில்லை என்று பந்தலில் உட்கார்ந்தார்கள். 2024ல் துணைவேந்தர் பதவிக் காலம் முடியும் முன்பே ராஜினாமா செய்துவிட்டுப் போனார்.

இங்கே தோழர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜன்னலுக்கு உள்ளே இருக்கும் குமாஸ்தா நம் விரோதி அல்ல. "நாளை வா" என்று அவர் எரிந்து விழும்போது நமக்குக் கோபம் வருகிறது, வரத்தான் செய்யும். ஆனால் மூன்று பேர் பார்த்த மேஜையை ஒருவர் தலையில் கட்டி, அந்த ஒருவருக்கும் மாசம் பிறந்தால் சம்பளம் உண்டா என்ற நிச்சயம் இல்லாமல் செய்தது யார்? மில்லில் நான்கு சைடு பார்க்கச் சொன்னால் நூல் அறுந்துகொண்டுதான் இருக்கும். வெளியே நிற்கும் கூலிக்காரத் தாயையும் உள்ளே உட்கார்ந்த குமாஸ்தாவையும் முட்ட விட்டு, பணம் கொடுக்க வேண்டியவர்கள் சென்னையிலும் டில்லியிலும் சௌகரியமாக இருக்கிறார்கள்.

பழைய மாணவர் சங்கம் என்று ஒவ்வொரு பல்கலைக் கழகமும் வைத்திருக்கிறது. ஆண்டுக்கு ஒரு கூட்டம், விருந்து, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு மாலை. நல்லது, நடக்கட்டும். ஆனால் செல்லூரில் தறி ஓட்டிக்கொண்டே தபாலில் பி.காம். படித்தவரும் பழைய மாணவர்தானே? அவருக்கு அழைப்பு போனதுண்டா? அவர் விலாசமாவது ரிஜிஸ்தரில் இருக்குமா? அவர் வாழும் தெருவில் கல்லூரிக்குப் போகும் முதல் பிள்ளைக்கு எந்த பாரம், எந்தத் தேதி என்று சொல்ல அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பாரா? நன்கொடை கேட்கும் பட்டியலை ஒரு பக்கம் வைத்துவிட்டு, இப்படிப்பட்டவர்களின் பட்டியலைத் தயார் செய்யலாம்.

பழைய மாணவர் என்றதும் ஒரு பெயர் ஞாபகம் வருகிறது. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்த என். சங்கரய்யா, 1941ல் பி.ஏ. இறுதிப் பரீட்சைக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது வெள்ளைக்கார சர்க்காரால் கைது செய்யப்பட்டார். பரீட்சை எழுதவில்லை, பட்டமும் வாங்கவில்லை. 2023ல் காமராசர் பல்கலைக் கழகத்தின் சிண்டிகேட்டும் செனட்டும் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுக்கத் தீர்மானித்தன. வேந்தர் என்ற முறையில் கவர்னர் ஆர்.என். ரவி அதற்குக் கையெழுத்துப் போட மறுத்தார். நவம்பர் 2ந் தேதி பட்டமளிப்பு விழாவை உயர்கல்வி மந்திரி பகிஷ்கரித்தார். நவம்பர் 15ந் தேதி, தமது 102வது வயதில் சங்கரய்யா காலமானார். அவருக்குப் பட்டம் தேவைப்படவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் மதுரை மக்களின் பிரதிநிதிகள் உட்கார்ந்த இரண்டு சபைகள் செய்த முடிவை ஒரு கையெழுத்து நிறுத்த முடிகிறது என்றால், கூலிக்காரன் மகளின் மார்க்குப் பட்டியல் ஒரு கையெழுத்துக்காக நிற்பதில் ஆச்சரியம் என்ன?

பல்கலைக் கழகம் ஜனங்களைத் தேடிப் போவது நடவாத காரியமல்ல. இங்கிலாந்தில் 1860களின் கடைசியில் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் என்ற கேம்பிரிட்ஜ் ஆசிரியர் க்ரூ நகரத்து ரயில்வே தொழிலாளர்களுக்குப் பாடம் சொல்லப் போனார். 1873ல் கேம்பிரிட்ஜ் அந்த ஏற்பாட்டைத் தனது வேலையாகவே ஏற்றுக்கொண்டது. சோவியத் ருஷ்யாவில் 1919 முதல் தொழிலாளர்களையும் குடியானவர்களையும் பல்கலைக் கழகப் படிப்புக்குத் தயார் செய்யத் தனிப் பிரிவுகளே திறந்தார்கள். பசியும் உள்நாட்டு யுத்தமுமாக இருந்த காலம் அது!

அவ்வளவு தூரம் போவானேன்? சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமம் இருக்கிறது. 1956ல் ஏற்பட்ட கிராமியக் கல்வி நிலையம். 1976ல் பல்கலைக் கழக அந்தஸ்து பெற்றது. மாணவர்கள் கிராமங்களில் போய்த் தங்கி வேலை செய்வதை அங்கே பாடத்தோடு சேர்த்தே வைத்தார்கள். காந்தியவாதிகளோடு நமக்கு எத்தனையோ தகராறு உண்டு. இந்த விஷயத்தில் அவர்கள் செய்தது சரி.

ஒத்தக்கடையில் யானைமலை ஓரத்தில் 1965 முதல் விவசாயக் கல்லூரி நடக்கிறது. நெல் ரகம், பூச்சி மருந்து, மண் பரிசோதனை என்று நிலம் வைத்திருப்பவர்களுக்கு அங்கே யோசனை கிடைக்கிறது. நிலமில்லாதவருக்கு? மருந்து தெளிக்கும் கூலிக்காரர் மூக்கில் எதைக் கட்டிக்கொள்ள வேண்டும், தலை சுற்றினால் எங்கே ஓட வேண்டும், நடவு மெஷின் வந்தால் அதை ஓட்டும் வேலையை நடவுப் பெண்களுக்கே எப்படிக் கற்றுக் கொடுப்பது என்பதும் விவசாய விஞ்ஞானம்தானே?

என்ன கேட்கிறோம்? ஆகாயத்தைக் கேட்கவில்லை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வேடசந்தூர், ராஜபாளையம் ஊர்களில் ஏதாவது ஒரு கல்லூரியில் பல்கலைக் கழக அலுவலர்கள் மேஜை போட்டு உட்காரட்டும். அதற்கு அவர்களுக்கு உரிய படியும் மாற்று லீவும் கொடுக்கட்டும். பெயர்த் திருத்தம், தற்காலிகச் சர்டிபிகேட், தமிழ் வழிச் சான்று இவற்றை அங்கேயே வாங்கி, இத்தனை நாளில் வரும் என்று எழுதிக் கொடுக்கட்டும். வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில் ஹாஸ்டல்களில் தங்கி வேலை செய்யும் பெண்கள் தபாலில் படிக்க ஆசைப்பட்டால், ராத்திரி ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்கும் ஏற்ற மாதிரி வகுப்பு வையுங்கள். பரீட்சை நாளில் லீவு கொடுக்க மில் நிர்வாகத்திடம் சங்கம் பேசிக்கொள்ளும். சம்பளம் பாக்கியில்லாமல் கொடுத்து, காலி இடங்களை நிரப்ப சர்க்கார் மானியத்தைக் கூட்டட்டும்.

அதுவரை நம் கையில் இருப்பதைச் செய்வோம். சங்க ஆபீஸில் வாரம் ஒரு மாலை, படித்த தோழர் ஒருவர் உட்கார்ந்து பாரங்களை நிரப்பித் தரலாம். எந்த மனுவைக் கொடுத்தாலும் நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அதில் வாங்கியவர் கையெழுத்தும் தேதியும் முத்திரையும் இல்லாமல் ஜன்னலை விட்டு நகராதீர்கள். காலம் கடந்தும் பதில் இல்லையென்றால் 2005ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பல்கலைக் கழகத்தின் பொதுத் தகவல் அலுவலர் பெயருக்கு வெள்ளைத் தாளில் தமிழிலேயே எழுதி, பத்து ரூபாய்க் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டி, ஸ்பீட் போஸ்ட் தபாலில் அனுப்புங்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அந்தப் பத்து ரூபாயும் வேண்டாம். "என் மனு இன்று எந்த அதிகாரியிடம், எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். முப்பது நாளில் பதில் சொல்லியாக வேண்டும். தபால் ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.