மாத்திரைக்குள்ள மாவு!

தலைவலின்னா டக்குனு பாராசிட்டமால் போடுற ஆளா பாஸ் நீங்க? யானைக்கவுனி மெடிக்கல் ஷாப்ல வாங்கின 500 மில்லிகிராம் மாத்திரையை காலேஜ் லேப் தராசுல வெச்சேன். எடை 500-ஐத் தாண்டுது! மிச்சம் என்ன? பொடியைச் சேர்த்துப் பிடிக்க ஸ்டார்ச், மெஷின்ல ஒட்டாம இருக்க மெக்னீசியம் ஸ்டியரேட். வலிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை.

'சும்மா' சரக்குதானேன்னு விட்டுடாதீங்க. சிரப்புல இந்த வேலையைச் செய்யறது, மருந்தைக் கரைக்கிற திரவம். 2025 அக்டோபர்ல, காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிப் இருமல் சிரப்பை தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதிச்சுது. 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால்! கிட்னியைக் காலி பண்ற விஷம். மத்தியப் பிரதேசத்தில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்துபோச்சு.

என் மாத்திரை அட்டையைத் திருப்பினேன். 'எக்ஸிபியன்ட்ஸ் க்யூ.எஸ்.'னு பொடி எழுத்துல இருந்துச்சு. கடை அண்ணன்கிட்ட கேட்டா, "துணைப்பொருள், தேவையான அளவு" என்றார். என்னென்ன பொருள்னு அட்டையில் இல்லை.