கார்காலத்திற்கு ஏற்ற கார் எது?



‘கார்’ என்ற சொல்லுக்குத் தமிழில் மேகம் என்றும் மழைக்காலம் என்றும் பொருள் உண்டு. நான்கு சக்கரங்களில் ஓடும் மோட்டார் வண்டிக்கும் இன்று அப்பெயரே வழங்குகிறது. முதல் கார் கேளாமலே வானத்திலிருந்து வருகிறது. இரண்டாவது கார் வங்கிக் கடனாக வந்து மாதந்தோறும் கேட்டுக்கொண்டே இருக்கிறது. மும்பைத் தெருவில் இவ்விரண்டும் எதிர்ப்படும்போது வெல்வது எது என்பதைக் காட்கோபரில் ஒரு மழைநாள் நின்று பார்த்தவர்க்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

படிப்பை முடித்து வேலையில் அமரும் நம் மாணவரிடையே, முதல் சம்பளத்தை அடுத்து எழும் பேச்சு “என்ன கார் வாங்கலாம்?” என்பதுதான். காட்கோபரிலும் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் தாராவியிலும் அப்பேச்சு பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து முடிகிறது: “மும்பை மழைக்குச் சின்ன கார் தாங்காது, உயரமான எஸ்.யூ.வி.தான் வேண்டும்.” இதைச் சொல்லாத விற்பனையாளர் அரியர், கேட்டு மயங்காத பெற்றோரும் அரியர். இந்த நம்பிக்கை தவறு என்பதே என் கருத்து. பணம் வீணாகிறது என்பதற்காக மட்டும் அன்று. உயிருக்கே உலை வைக்கக்கூடியது என்பதற்காகவும் தவறு.

மழையின் கணக்கை முதலில் பார்ப்போம். நம் முன்னோர் ஆவணியையும் புரட்டாசியையும் கார்காலம் என வகுத்தனர். மும்பையிலோ பருவமழை வழக்கமாக ஜூன் 11 வாக்கில், அதாவது வைகாசி முடியுமுன்பே தொடங்கிவிடுகிறது. 2025-ஆம் ஆண்டு மே 26 அன்றே வந்து நின்றது. அக்டோபர் முதல் வாரம் வரை நீளும் இப்பருவத்தில் சாந்தாகுரூஸ் மழைமானி இரண்டாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் காட்டுவது இயல்பு.

இம்மழை கார் ஓட்டுபவருக்குத் தரும் தொல்லைகள் இரண்டு. ஒன்று ஈரச்சாலை, மற்றொன்று வெள்ளம். ஈரச்சாலை நான்கு மாதமும் உண்டு. வெள்ளமோ ஆண்டில் சில நாட்களே. அதுவும் பெருமழையும் கடலின் ஏற்றமும் ஒரே வேளையில் சேரும்போதுதான் கொடுமையாகிறது. ஏற்றத்தின்போது வடிகால் நீர் கடலுக்குள் இறங்க வழியில்லை. இந்நகரின் பழைய வடிகால்கள் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழைக்கென்று அமைந்தவை. 50 மில்லிமீட்டருக்கு அவற்றை உயர்த்தும் திட்டம் 1993-லேயே வகுக்கப்பட்டும், 2005-ஆம் ஆண்டின் பேரழிவுக்குப் பிறகுதான் வேகம் பெற்றது. அதற்கும் மேல் பெய்தால் பரேலின் ஹிந்த்மாதாவும், கிங்ஸ் சர்க்கிளின் காந்தி மார்க்கெட்டும், குர்லா, காட்கோபர் வழியே செல்லும் லால் பகதூர் சாஸ்திரி சாலையின் தாழ்ந்த பகுதிகளும் குளமாகின்றன.

இரண்டு தொல்லைகளுக்கும் ஒரே மருந்து என்று எண்ணுவதில்தான் நம்மவர் ஏமாறுகின்றனர். சில நாள் வெள்ளத்தை மனத்தில் வைத்து உயரத்தை வாங்குகிறார்கள். நான்கு மாத ஈரச்சாலையை மறந்து தேய்ந்த டயரோடு திரிகிறார்கள்!

ஈரச்சாலைக்கு வேண்டியது என்ன? சாலையைப் பற்றிக்கொள்ளும் டயர்; பிடித்தால் நிற்கும் பிரேக்; கண்ணைத் திறந்து வைக்கும் வைப்பர்; பிறர் நம்மைக் காண உதவும் விளக்கு. இவை சிறிய காரிலும் உண்டு. சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் காக்கும் ஏ.பி.எஸ். பிரேக் 2019 ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்கும் எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயம். டயரின் பட்டன்களுக்கு இடையே உள்ள பள்ளங்கள் அழகுக்காக வெட்டப்பட்டவை அல்ல. சக்கரத்தின் கீழ் அகப்படும் நீரை வெளியே தள்ளும் வாய்க்கால்கள் அவை. புது டயரில் ஏறத்தாழ 7, 8 மில்லிமீட்டர் இருக்கும் அப்பள்ளம் 1.6 மில்லிமீட்டராகத் தேயும்வரை சட்டம் பொறுக்கிறது. மழைச்சாலை அவ்வளவு பொறுக்காது. 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனாலே நனைந்த சாலையில் வண்டி நிற்க எடுக்கும் தூரம் கூடிவிடும். கிழக்கு விரைவு நெடுஞ்சாலையில் வேகமாகப் போகையில் நீர்ப்படலத்தின்மேல் சக்கரம் ஏறி மிதந்தால், ஸ்டியரிங் வெறும் வட்டமாகிவிடும். அப்போது நான்கு சக்கர இழுவையும் உதவாது. அது வண்டியைக் கிளப்ப உதவுமே அன்றி நிறுத்த உதவாது.

இது மழைக்கு மட்டும் உரிய உண்மை அன்று. மேற்படிப்புக்குக் கனடா செல்லும் நம் மாணவரையும் இதே மயக்கம் பற்றுகிறது. வான்கூவர் நகரில் பனி ஆண்டுக்குச் சில நாட்களே விழுகிறது; ஆயினும் அதற்கென்று பெரிய நான்கு சக்கர இழுவை வண்டி தேடுவோர் உண்டு. குளிர் 7 பாகைக்குக் கீழே இறங்கினால் சாதாரண டயரின் ரப்பர் இறுகிப் பிடிப்பை இழக்கிறது. குளிர்கால டயர் இளக்கமாகவே இருந்து பற்றுகிறது. அந்த மாநிலத்தின் பல நெடுஞ்சாலைகளில் அக்டோபர் முதல் நாளிலிருந்து குளிர்காலத்திற்கு உரிய டயர்கள் கட்டாயம். சட்டம் அங்கே வண்டியின் உயரத்தைக் கேட்கவில்லை, டயரைத்தான் கேட்கிறது. பனிக்கு அங்கே பொருந்தும் பாடம் மழைக்கு இங்கேயும் பொருந்தும்.

இனி வெள்ளத்திற்கு வருவோம். “உயரமான வண்டி வெள்ளத்தைக் கடக்காதோ?” என்பார்க்கு ஆர்க்கிமிடீசே விடை கூறுகிறார். ஆயிரம் கிலோ எடையுள்ள சிறிய கார் மிதக்க ஒரு கனமீட்டர் நீரை விலக்கினால் போதும். அதன் அடிப்பரப்பு ஆறு சதுர மீட்டர் என்றால், அடித்தட்டுக்கு மேல் 17 சென்டிமீட்டர் நீர் ஏறியதும் அது மிதக்கப் பார்க்கும். தரையிடைவெளி ஒரு 17 சென்டிமீட்டரையும் கூட்டினால் சாலையிலிருந்து 34 சென்டிமீட்டர். அதே கணக்கை 1,700 கிலோ எடையும், ஏழு சதுர மீட்டர் அடிப்பரப்பும், 22 சென்டிமீட்டர் தரையிடைவெளியும் உள்ள எஸ்.யூ.வி.க்குப் போட்டுப் பாருங்கள். 46 சென்டிமீட்டர் வரும். நீர் உள்ளே புகாதவரைக்கும் இதுவே கணக்கு. இருமடங்கு விலை கொடுத்து நாம் பெற்ற பாதுகாப்பு அரையடிக்கும் குறைவான தண்ணீர்! பெருமழையில் அந்த அரையடி ஏறச் சில நிமிடங்கள் போதும். ஓடும் நீர் 30 சென்டிமீட்டர் இருந்தால் பெரும்பாலான கார்களையும், 60 சென்டிமீட்டர் இருந்தால் எஸ்.யூ.வி.க்களையும் அடித்துச் செல்லக்கூடும் என்று அமெரிக்க தேசிய வானிலைத் துறையும் எச்சரிக்கிறது. இத்தனை ஆழ நீரைத் தாண்டும் என்று விளம்பரத்தில் காணும் கணக்கு, தேங்கிய நீரில் மெல்லச் செல்வதற்கு உரியது. சாக்கடைக் குழியின் மூடி எங்கே திறந்து கிடக்கிறது என்பதை எந்த விளம்பரமும் சொல்லாது.

2005 ஜூலை 26-ஐ இந்நகர் மறக்கவில்லை. அன்று 24 மணி நேரத்தில் சாந்தாகுரூசில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அதே நகரின் தென்முனையான கொலாபாவில் 73 மில்லிமீட்டரே. அலுவலகத்திலிருந்து புறப்பட்டவர்க்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. உயிரிழந்த நூற்றுக்கணக்கானோரில், நீரில் நின்றுபோன கார்களுக்குள் கதவும் கண்ணாடியும் திறவாமல் மூச்சுத்திணறி மாண்டவர்களும் இருந்தனர். 2017 ஆகஸ்ட் 29 வெள்ளத்திலும் சயானில் ஓர் இளைஞர் தம் காருக்குள்ளேயே உயிரிழந்தார். இவர்களுக்குக் குறைவாக இருந்தது வண்டியின் உயரமா? இல்லை. வண்டிக்குள் இருப்பதே பாதுகாப்பு என்ற எண்ணம் நம்மையும் அப்படித்தான் கட்டிப்போடும். உயரமான வண்டி அந்த எண்ணத்தை வளர்க்கிறது. சிறிய வண்டியில் இருப்பவன் திரும்பிவிடும் இடத்தில், பெரிய வண்டிக்காரன் “போய்விடலாம்” என்று இறங்குகிறான். ஆபத்து அங்கேதான் பிறக்கிறது.

இன்னொன்றும் எண்ணிப் பார்க்க வேண்டும். தேங்கிய நீரில் பெரிய வண்டி விரைந்தால் அதன் முன்னே ஓர் அலை எழுகிறது. அந்த அலை எங்கே போகிறது? சாலையோரக் கடைக்குள், தரைமட்டத்தில் உள்ள வீட்டின் வாசற்படி ஏறி, அடுப்படிக்குள். காட்கோபர் கிழக்கில் காமராசர் பெயரைத் தாங்கி எழுந்த குடியிருப்பு உண்டு. இப்போது மறுகட்டமைப்புத் திட்டத்திற்கு உட்பட்டது. அதைப் போன்ற குடியிருப்புகளிலும் தாராவிச் சந்துகளிலும் வாளியால் நீரை இறைத்துக்கொண்டிருக்கும் தாய்மார், நம் அக்காவும் அத்தையும் போன்றவர்கள். அவர்கள் இறைத்த நீரை மீண்டும் உள்ளே தள்ளிவிட்டுப் போகும் வண்டிக்கு வெற்றி என்று பெயரா? நம்மில் பலர் அத்தகைய வீடுகளில் இருந்து படிக்க வந்தவர்கள் அன்றோ!

அப்படியானால் எதை வாங்குவது? என் விடை எளியது: சிறிய கார், நல்ல டயர், வெள்ள நாளில் வண்டி வீட்டில். 160, 170 மில்லிமீட்டர் தரையிடைவெளி மும்பையின் மேடு பள்ளங்களுக்குப் போதும். விலையில் மிச்சமாகும் பணத்தில் பருவம் தொடங்குமுன் டயரையும் வைப்பர் ரப்பரையும் மாற்றுங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களைப் படியுங்கள். ‘3523’ என்றிருந்தால் 2023-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். காப்புறுதி எடுக்கையில் ‘எஞ்சின் பாதுகாப்பு’ என்னும் கூடுதல் காப்பைக் கேட்டு வாங்குங்கள். நீர் புகுந்த எஞ்சினின் சேதத்தைச் சாதாரணக் காப்புறுதி ஏற்காமல் போகலாம். நீரில் வண்டி நின்றுவிட்டால் மறுபடி சாவியைத் திருகவே கூடாது. காற்றைப்போல் நீர் அமுங்காது. பிஸ்டன் அதன்மேல் மோத, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கண்ணாடியை இறக்கி, பெல்ட்டைக் கழற்றி, வெளியேறுவதே முதல் வேலை. பக்கக் கண்ணாடியின் மூலையை உடைக்கும் சிறு சுத்தியல் ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

பழைய கார் வாங்குவோர் மழைக்காலத்திற்குப் பின் இருமடங்கு விழிப்போடு இருக்க வேண்டும். வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் மெருகு பூசிக்கொண்டு சந்தைக்கு வருகின்றன. சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பாருங்கள். கடைசி முழத்தில் சேற்றுக்கறை இருந்தால் அவ்வண்டி நீராடிய வண்டி. இருக்கையின் அடிக்கம்பியில் துரு, கம்பளத்தடியில் மண், மூடிய காருக்குள் புழுங்கல் வாடை ஆகியவையும் சாட்சி சொல்லும்.

“ரயில் மட்டும் ஓடுகிறதா?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. குர்லாவுக்கும் சயானுக்கும் இடையே தண்டவாளம் மூழ்கினால் மத்திய ரயில்வே நிற்கிறது. 2025 ஆகஸ்ட் 19-ல் செம்பூர்ப் பக்கம் மோனோ ரயிலே நடுவழியில் நின்று, பயணிகளை ஏணி வைத்து இறக்க நேர்ந்தது. ஆயினும் 2014 ஜூனில் தொடங்கிய காட்கோபர்–வெர்சோவா மெட்ரோ சாலை வெள்ளத்திற்கு மேலே செல்கிறது. கார் நிற்கும் பல நாட்களில் அது ஓடுகிறது. அதுவும் நின்றுவிட்டால், இருக்கும் இடத்திலேயே இருப்பதுதான் அறிவு. நண்பர் அறையில் ஓர் இரவு தங்குவதால் எந்தத் தேர்வும் தவறிவிடாது.

மலைப்பாதையில் நாள்தோறும் வேலை உடையவர் உயரமான வண்டி வாங்கட்டும். அவர்க்கு அது தேவை. நகரத்து வாழ்வுக்கு அதை மழையின் பெயரால் வாங்க வேண்டாம். 2024 அக்டோபரில் சென்னைக்குப் பெருமழை எச்சரிக்கை வந்தவுடன், வேளச்சேரி மக்கள் தங்கள் கார்களை மேம்பாலத்தின்மேல் வரிசையாக நிறுத்திவிட்டு வீட்டுக்கு நடந்தார்கள். ஊர் சிரித்தது. 2015-ல் காரை வெள்ளத்துக்குக் கொடுத்தவர்கள் சிரிக்கவில்லை. அந்த வரிசையில் சிறியதும் பெரியதும் ஒன்றாகவே நின்றன. வெள்ளநாளில் நல்ல கார் எது என்று அவர்கள் கண்டுகொண்டனர்: மேட்டில் நிற்கும் கார்.

ஆகவே நண்பர்களே, வானத்துக் காரோடு பந்தயம் கட்டாதீர்கள். தெருவில் நிற்கும் தண்ணீரைக் கண்டால் திரும்பி வரத் துணியுங்கள். கடன் குறையும், உயிர் நிலைக்கும், தாழ்ந்த வாசற்படிகளும் தப்பும்.