வந்து போகிறவர்களின் அன்பு

சென்ற இதழில் வெளியான கவிதை ஒன்றை நண்பர்கள் சிலர் மெச்சிக்கொண்டிருக்கிறார்கள். பெருமாள்மலைப் பக்கத்துக் குழந்தைகள் இல்லம் ஒன்றைப் பற்றியது. கவிஞரும் நண்பர்தான், பெயர் வேண்டாம். வெளிநாட்டிலிருந்து ஊழியம் செய்ய வந்த பெண் ஒருத்தி மண்டியிட்டு ஒரு பையனுக்கு ஆங்கில எழுத்து சொல்லித்தருகிறாள். மூடுபனி இறங்குகிறது. பையன் ஓடிவந்து, முன்பின் அறியாத கவிஞரின் காலையும் கட்டிக்கொள்கிறான். அவன் கண்ணில் ஒரு வெளிச்சம்.

மூடுபனி வந்தால் கவிதையும் வந்துவிட்டது என்ற நம்பிக்கை கொடைக்கானலுக்குப் போய்வந்த எல்லோருக்கும் இருக்கிறது. அதை விட்டுவிடலாம். அந்தப் பெண் அங்கே எத்தனை நாள் இருந்தாள், அவள் பஸ் ஏறிய மறுநாள் பையன் என்ன செய்தான் என்ற கேள்வி கவிஞரின் பிரக்ஞையை எட்டவேயில்லை. என் சண்டை இதனோடுதான்.

கொடைக்கானல் பாதிரிகள் உண்டாக்கிய ஊர். யாழ்ப்பாணத்திலிருந்து 1834இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன்காரர்கள் காலராவிலும் காய்ச்சலிலும் தங்கள் குடும்பங்களைப் பறிகொடுத்தார்கள். சிறுமலையில் முயன்று பார்த்தார்கள். அங்கும் காய்ச்சல் விடவில்லை. 1845இல் பழனிமலை மேல் இரண்டு வீடுகள் கட்டிக்கொண்டார்கள். பிறகு 1901இல் தங்கள் பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம். ஹைகிளர்க் என்று அதற்குப் பெயர். இன்றைய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளியின் ஆரம்பம் அதுதான். அதற்கு முன்னால், படிக்கிற வயது வந்த பிள்ளைகளைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டு வருஷக்கணக்கில் முகம் பாராமல் இருந்தவர்கள் இவர்கள். பிரிவு ஒரு குழந்தையை என்ன செய்யும் என்பதை அனுபவத்தில் அறிந்தவர்கள். ஆகவே மலைமேல் ஒரு பள்ளி. கோடையில் தாய்மார் வந்து வீடெடுத்துப் பிள்ளைகளோடு தங்கும் வழக்கம். தன் பிள்ளைக்கு என்ன தேவை என்பதில் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை. பிறத்தியார் பிள்ளை என்று வரும்போதுதான் இரண்டு வாரம் போதும் என்ற ஞானம் பிறக்கிறது.

அந்தப் பழைய பாதிரிகளை நான் புனிதர்களாக்கவில்லை. இதே மிஷனின் யாழ்ப்பாணப் பள்ளிகளில், அமெரிக்க தர்மவான் ஒருவர் ஆண்டுக்கு இவ்வளவு டாலர் என்று அனுப்பினால் அவர் பெயரை ஒரு தமிழ்ப் பையனுக்குச் சூட்டினார்கள். கரோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என்று நம் இலக்கிய சரித்திரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் பெயர்கள் அந்த வழக்கத்தின் எச்சங்கள். இதைவிட அப்பட்டமான கொடுக்கல்வாங்கலை நான் வங்கியில்கூடப் பார்த்ததில்லை. ஆனால் சொல்லிக்கொடுத்தவர்கள் அங்கேயே கிடந்தார்கள். 1820இல் யாழ்ப்பாணம் வந்த லீவை ஸ்போல்டிங் 1873இல் அங்கேயே செத்தார். 1895இல் இந்தியா வந்த ஏமி கார்மைக்கேல், 1951இல் டோனாவூரில் கண்மூடும்வரை ஒரு தடவைகூட ஊர் திரும்பவில்லை. அந்த அம்மாளின் இறையியலும் சரி, நம் கோயில்களைப் பற்றிய அவர் எண்ணமும் சரி, எனக்கு ஒவ்வாதவை. இருந்தாலும் டோனாவூரில் ஒரு குழந்தை ராத்திரி விழித்து அம்மா என்று கூப்பிட்டால், எழுந்து வர ஒரு மனுஷி ஐம்பது வருஷம் அங்கே இருந்தாள்.

இன்று வருவது வேறு இனம். விடுமுறையில் கூட்டமாக வருகிறார்கள். பாட்டு, பொம்மை, பைபிள் கதை, பலூன், போட்டோ. கடைசி நாள் அழுகை. அழுகை நிஜம்தான், சந்தேகமில்லை. நான் செல்லப்பாவின் வத்தலக்குண்டில் மூன்று வருஷம் கிளையில் வேலை பார்த்தபோது, ஞாயிற்றுக்கிழமைகளில் மலையேறுவதுண்டு. ஒரு இல்லத்தில் அடுத்தடுத்து மூன்று கூட்டங்கள் வந்ததைப் பார்த்தேன். மூன்று கூட்டமும் ஆங்கில எழுத்தை முதலிலிருந்தே தொடங்கின. முந்தினவர் எங்கே விட்டார் என்று பின்னால் வந்தவர் கேட்கவில்லை. பிள்ளைகளோ சமர்த்தாக, தெரியாத மாதிரியே மறுபடி சொன்னார்கள்.

கவிஞர் வெளிச்சம் என்று எழுதினாரே, அந்த ஓடிவந்து கட்டிக்கொள்ளுதல், அதற்கு வருகிறேன். 1951இலேயே ஜான் பௌல்பி உலக சுகாதார ஸ்தாபனத்துக்கு எழுதிய அறிக்கையில், நிலையான ஒரு தாய்முகம் இல்லாமல் வளரும் குழந்தைக்கு நேர்வதைச் சொல்லிவிட்டார். பின்னால் ருமேனியாவின் விடுதிக் குழந்தைகளை ஆராய்ந்தவர்களும் பார்த்தார்கள்: இந்தப் பிள்ளைகளில் பலர் முகம் தெரியாதவரிடமும் தயங்காமல் ஒட்டிக்கொள்வார்கள், யாருடனும் கைபிடித்துப் போய்விடுவார்கள். வீட்டில் வளரும் குழந்தை அந்நியரைக் கண்டால் தாயின் முந்தானைக்குப் பின்னால் ஒளிகிறது, ஏனென்றால் அதற்கு ஒரு முந்தானை இருக்கிறது. நம் கவிஞர் ஒரு காயத்தைப் பார்த்து அதற்கு அன்பு என்று பெயர் வைத்திருக்கிறார். அதே காயத்தைத்தான் வருகிறவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

இது பழனிமலையின் தனிச்சொத்தும் இல்லை. கானாவிலும் லைபீரியாவிலும் இதே கதைதான்: வெளிநாட்டுச் சபைகளின் பணமும் ஆட்களும் வர வர அனாதை இல்லங்கள் பெருகின, உள்ளே இருக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். இங்கேயும் விசாரித்துப் பாருங்கள். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துத் தோட்டக்கூலிகளும் பளியர்களும் பிள்ளையை விடுதியில் விடுகிறார்கள் என்றால் சோறும் பள்ளிக்கூடமும் அங்கே இருப்பதால்தான். வறுமைக்கு அனாதை என்று பெயர் மாற்றிவிட்டால் தர்மம் செய்ய வசதியாக இருக்கிறது.

உடனே மதமாற்றம், மதமாற்றம் என்று கிளம்பும் கூட்டம் என் தோளில் கைபோட வர வேண்டாம். அவர்களுக்கும் குழந்தை கண்ணில் படுவதில்லை. கம்பாஷன் இன்டர்நேஷனல் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவ அமைப்பு, மத்திய சர்க்கார் பணத்துக்குத் தடை போட்டதால் 2017 மார்ச்சில் இந்தியாவை விட்டுப் போயிற்று. அது ஆதரித்த 1,40,000க்கும் மேற்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோர் சொந்த வீட்டில் இருந்துகொண்டு மையத்துக்கு வந்து படித்துச் சாப்பிட்டுப் போனவர்கள். இருந்ததில் கொஞ்சம் உருப்படியான ஏற்பாட்டை மூடிவிட்டு ஜயகோஷம் போட்டார்கள். 2020க்குப் பிறகு வெளிநாட்டு நன்கொடை முழுவதும் முதலில் புதுதில்லியில் ஸ்டேட் பாங்கின் ஒரே ஒரு கிளைக்குத்தான் வந்தாக வேண்டும். பணம் எந்த வழியாக வருகிறது என்று சர்க்காருக்குப் பைசா சுத்தமாகத் தெரியும். ஒரு வருஷத்தில் எத்தனை பேர் வந்து அந்தப் பையனைத் தூக்கிக் கீழே இறக்கிவிட்டுப் போனார்கள் என்பது எந்தக் கணக்கிலும் இல்லை.

அன்புக்குக் கணக்குப் பார்க்கலாமா என்று நண்பர் கேட்பார். கேட்டுவிட்டார், தபாலில். பார்க்கலாம். குழந்தையைச் சொந்த வீட்டிலேயே வைத்து வளர்க்க மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4000 ரூபாய் உண்டு. அமெரிக்காவிலிருந்து வந்துபோக விமானக் கட்டணம் ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி வராமல் அந்தப் பணம் மட்டும் வந்தால், ஒரு பையன் 25 மாதம் தன் தாயோடு இருக்கலாம். தாய்க்கு ஆங்கில எழுத்து தெரியாது, வாஸ்தவம். அதற்கு மலையில் படித்த பெண்கள் வேலையில்லாமல் இருக்கிறார்கள். சம்பளம் கொடுத்தால் வருஷம் முழுக்க வருவார்கள்.